குடும்ப விளக்கு: மகள் வரைந்த உருவங்கள்



சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம் மேசையை விட்டு அகல மறுக்கிறது. எழுதியவர் ஒரு தந்தை. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். பங்குப் பேரவையிலும் பொறுப்பு வகிப்பவர். அவருடைய மூத்த மகள் ஓர் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். விடுமுறைக்கு வீடு வந்த மகளின் துணிகளைத் துவைக்க எடுத்த தாய், பெட்டியின் அடியில் ஒரு காகிதச் சுருளைக் கண்டார். விரித்துப் பார்த்தார். கோவணம் மட்டுமே உடுத்திய முதியவர் ஒருவரின் உருவம். முதுகு காட்டி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் ஆடையற்ற உருவம். இன்னும் தோள்கள், முழங்கால்கள், பாதங்கள். எல்லாம் கரித்துண்டால் வரையப்பட்டவை.

"அன்று முதல் எங்கள் இல்லத்தில் பேச்சு நின்றுவிட்டது" என்று எழுதுகிறார் அந்தத் தந்தை. "பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கக் கூடாது என்று என் மனைவி மகளிடம் சொல்லிவிட்டாள். எதைப் பாவமென்று சொல்லி நான் அறிக்கையிடுவது என்று மகள் திருப்பிக் கேட்டாள். மனைவியிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. ஞாயிறு திருப்பலியில் அவள் எழுந்து செல்லாமல் இருக்கையிலேயே அமர்ந்திருந்தாள். ஊரார் பார்த்தனர். அவளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடலாமா? வரைவது பாவமா? எழுதுங்கள்."

இக்கடிதத்தைப் படித்து நாம் நகைக்கவில்லை. கண்ணும் கருத்துமாக வளர்த்த மகளைப் பெருநகரத்துக்கு அனுப்பிவிட்டு, இரவில் உறக்கம் வராமல் படுத்திருக்கும் பெற்றோரின் அச்சம் மதிக்கத்தக்கது. ஆயினும் அச்சத்தின் பிடியிலிருந்து கொண்டே ஒரு முடிவுக்கு வருவது நன்றன்று. ஆகவே இம்மாதம் இந்த ஒரு பொருளைக் குறித்தே நாம் சிந்திப்போம். ஓவியம் பயிலும் பிள்ளைகள் எல்லா இல்லங்களிலும் இல்லை. ஆனால் உடலைக் குறித்து எவ்வாறு எண்ணுவது, எவ்வாறு பேசுவது என்ற திகைப்பு எல்லா இல்லங்களிலும் உண்டு.

முதலில், அந்த வகுப்பறையில் நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். ஓவியம் பயில வருவோர் எடுத்த எடுப்பிலேயே உயிருள்ள மனிதர் முன் அமர்வதில்லை. குடம், பழம், துணி மடிப்பு, நாற்காலி என்று தொடங்குவர். அதன்பின் பழஞ்சிலைகளின் வெள்ளைச் சுண்ண வார்ப்புகளைப் பார்த்து நிழலும் ஒளியும் பழகுவர். எலும்புக்கூட்டின் முன் அமர்ந்து ஒவ்வோர் எலும்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கற்பர். இவ்வளவும் கடந்த பின்னரே மனிதர் ஒருவர் அவர்கள் முன் வந்து அமர்வார் அல்லது நிற்பார். ஐரோப்பியக் கலைக்கழகங்கள் பல நூற்றாண்டுகளாகப் பின்பற்றி வந்த வரிசை இது. அங்கிருந்தே நம் நாட்டுக் கலைப்பள்ளிகளுக்கும் வந்தது.

ஒழுங்காக நடைபெறும் வகுப்பில் இதற்கென்று கட்டுப்பாடுகள் உண்டு. கதவு சாத்தியிருக்கும். தொடர்பில்லாதவர் உள்ளே வரலாகாது. மாதிரியாக நிற்பவர் ஆடை மாற்றத் தட்டியோ தனியறையோ இருக்கும். மாணவர் எவரும் அவரைத் தொடலாகாது, புகைப்படம் எடுக்கலாகாது. அவர் சற்று ஓய்வெடுத்துத் திரும்பும்போது அதே இடத்தில் நிற்கும்பொருட்டு, மேடையில் அவர் பாதங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வைப்பர். பெரும்பாலும் அங்கே பேச்சிருக்காது. காகிதத்தின் மேல் கரி உரசும் ஓசைதான் கேட்கும்.

மாணவி அங்கே கற்பது என்ன? தன் மனம் தனக்குப் பொய் சொல்லி வந்ததை அவள் முதலில் கண்டுகொள்கிறாள். கண்கள் தலையின் மேற்பகுதியில் இருப்பதாகவே நாம் எல்லாரும் எண்ணுகிறோம். அளந்து பார்த்தால் உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நடுவில் இருக்கின்றன. உள்ளங்கை சிறியது என்று எண்ணுகிறோம். விரித்து வைத்தால் முகவாயிலிருந்து நெற்றி வரை முகத்தை மறைக்கிறது. வளர்ந்த மனிதரின் உயரம் அவருடைய தலையைப்போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கு மடங்குதான். ஒரு காலில் பாரத்தை ஊன்றி நிற்பவரைப் பாருங்கள். ஊன்றிய காலின் பக்கம் இடுப்பு உயர்கிறது. அதே பக்கம் தோள் தாழ்கிறது. நாள் முழுதும் நம் கண்முன் நிகழ்வது இது. எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறோம்?

வண்ணம் தீட்டத் தொடங்கும்போது இன்னுமொரு பாடம் காத்திருக்கிறது. தோலின் நிறம் என்று ஒரு தனி வண்ணம் இல்லை. நம் மக்களின் மாநிற மேனியில் வெயில் படும் நெற்றி வானத்தின் நீலத்தைச் சிறிது வாங்கிக்கொள்கிறது. தாடையின் அடிப்புறம் உடுத்திய துணியின் நிறத்தைப் பிரதிபலிக்கிறது. காதுமடலில் குருதியின் செம்மை தெரிகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலிய ஓவியர்கள் தேவ அன்னையின் முகத்தைத் தீட்டும்போது, சதை நிறத்துக்கு அடியில் பச்சை மண்ணைக் குழைத்துப் பூசினர். மேற்பூச்சு தேய்ந்துபோன பழைய ஓவியங்கள் சிலவற்றில் அன்னையின் திருமுகம் இன்று பசுமை படர்ந்து தோன்றுவது இதனால்தான். உயிருள்ள ஒரு முகத்தைப் பச்சையும் நீலமும் செம்மையும் சேர்ந்தே ஆக்குகின்றன என்பதை அவர்கள் பார்த்துப் பார்த்து அறிந்திருந்தனர்.

ஒருவரை மூன்று மணி நேரம் இவ்வாறு உற்று நோக்கும் மாணவிக்கு, கெட்ட எண்ணம் தோன்ற நேரமில்லை என்று நாம் வாதாட வரவில்லை. மனித மனம் எங்கும் தடுமாறக் கூடியது. ஆனால் அந்த உழைப்பின் இயல்பு வேறு. முதியவரின் முழங்கால் சிப்பியைச் சரியாக அமைக்க நாற்பது நிமிடம் போராடியவளுக்கு, அந்த முழங்கால் எத்தனை மூட்டை சுமந்தது என்று தோன்றியிருக்கக் கூடும். அப்படித் தோன்றியிருந்தால் அது செபத்துக்கு அண்மையிலுள்ள எண்ணமே.

இனித் திருச்சபையின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். ஏறத்தாழ 1493-ஆம் ஆண்டு. புளோரன்சு நகரில் 18 வயது இளைஞன் ஒருவன் தூய ஆவியார் ஆலயத்தைச் சேர்ந்த துறவு மடத்தின் தலைவரிடம் ஒரு வேண்டுதலோடு வந்தான். மடத்தின் மருத்துவமனையில் இறந்தோரின் உடல்களை அறுத்துப் பார்த்து, தசையும் எலும்பும் பொருந்தியிருக்கும் முறையைக் கற்க வேண்டும் என்பது அவன் விருப்பம். மடத்தலைவர் அவனுக்கு ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார். நன்றியாக அவன் மரத்தில் ஒரு பாடுபட்ட சுரூபம் செதுக்கிக் கொடுத்தான். அந்த இளைஞன்தான் மைக்கலாஞ்சலோ. அவன் செதுக்கியதென்று அறிஞர் ஏற்கும் சுரூபம் இன்றும் அவ்வாலயத்தில் உள்ளது. மெலிந்த, இளமை மாறாத, ஆடையேதும் அற்ற ஆண்டவரின் உடல் அது.

அதே மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தில் படைப்பின் வரலாற்றைத் தீட்டினார். அதற்காக அவர் வரைந்த பயிற்சித் தாள்களுள் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லிபியா நாட்டுப் பெண் தீர்க்கதரிசி ஒருவரின் உருவத்துக்காகச் செஞ்சுண்ணத்தால் வரைந்தது. மாதிரியாக அமர்ந்தவர் ஓர் ஆண். முதுகு, தோள், முகம் ஆகியவற்றோடு இடது பாதத்தின் விரல்களை மட்டும் அதே தாளில் மீண்டும் மீண்டும் வரைந்திருக்கிறார். விதானத்தில் அந்தப் பாதம் தரையிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு மிகச் சிறியதாகத் தெரியும். ஆயினும் ஒரு விரலின் பாரம் சரியாக விழ வேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடுபட்டார்.

இதனால் எல்லாரும் மகிழ்ந்தனர் என்று எண்ண வேண்டா. 1536 முதல் 1541 வரை அதே சிற்றாலயத்தின் பீடச் சுவரில் அவர் பொதுத்தீர்வையை வரைந்தபோது, திருத்தந்தையின் சடங்கு ஒழுங்காளர் வெகுண்டார். இத்தகைய ஆடையற்ற உருவங்கள் குளிப்பிடத்துக்கும் மதுக்கடைக்கும் ஏற்றவை, ஆலயத்துக்கு ஏற்றவை அல்ல என்றார். மைக்கலாஞ்சலோ அவர் முகத்தையே நரகத்தின் நடுவனுக்கு வைத்துவிட்டார் என்று அக்கால ஓவியர் வரலாறு எழுதிய வசாரி கூறுகிறார். 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருவுருவங்களில் காமத்தைத் தூண்டும் தன்மை எதுவும் இருத்தலாகாது என்று ஆணையிட்டது. மைக்கலாஞ்சலோ 1564-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே தானியேல் என்னும் அவருடைய நண்பரைக் கொண்டு பல உருவங்களுக்கு இடையில் துணி வரைந்து மறைத்தனர். பாவம் அந்தத் தானியேல்! நல்ல ஓவியர், ஆனாலும் 'கால்சட்டை தைத்தவர்' என்ற ஏளனப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன. 1980-இல் தொடங்கி 1994-இல் முடிந்த பெரும் சீரமைப்பில், தீபப் புகையும் அழுக்கும் நீங்கி ஓவியங்கள் மீண்டும் ஒளி பெற்றன. பிற்காலத்தார் சேர்த்த துணிகளுள் பலவற்றை அகற்றினர். தானியேல் வரைந்தவற்றை வரலாற்றின் சான்றாக விட்டுவைத்தனர். 1994 ஏப்ரல் 8 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கே திருப்பலி நிறைவேற்றினார். அன்றைய மறையுரையில் அவர் அச்சிற்றாலயத்தை மனித உடலின் இறையியலுக்கு ஒரு திருத்தலம் என்றே போற்றினார். ஆடையற்ற உருவங்கள் நிறைந்த அந்த இடத்தில்தான் திருத்தந்தையரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் கூடுகின்றனர். அச்சுவரின் முன் நின்றே ஒவ்வொருவரும் தம் வாக்கை அளிக்கின்றனர்.

அத்திருத்தந்தை இதைப் போகிறபோக்கில் சொல்லிவிடவில்லை. 1979 முதல் 1984 வரை புதன்கிழமைப் பொதுச் சந்திப்புகளில் மனித உடலைக் குறித்து அவர் தொடர்ந்து போதித்தார். 1981-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கலையில் உடலைச் சித்தரிப்பதையே பொருளாக எடுத்துக்கொண்டார். அவர் போதனையின் சாரம் இது: மனித உடலுக்கு எவராலும் பறிக்கவியலாத மாண்பு உண்டு, ஆதலால் உடல் ஒருபோதும் இழிபொருள் ஆகாது. ஒரு படைப்பு தீயதாவது அதில் உடல் இடம்பெறுவதால் அன்று. அது எத்தகைய நோக்கோடு, எம்முறையில் காட்டப்படுகிறது என்பதால். சில படைப்புகள் உடலின் வழியே ஓர் ஆளை, அவருடைய ஆன்மாவை நமக்குக் காட்டுகின்றன. சில படைப்புகள் ஆளை மறைத்துவிட்டு, பிறர் இச்சைக்குரிய பொருளாக உடலை விற்கின்றன.

இவ்வுண்மை ஆண்டவருடைய வாக்கிலேயே அடங்கியிருக்கிறது. மலைப்பொழிவில் அவர் விபசாரத்தைக் குறித்துப் பேசும்போது, இச்சையோடு நோக்குபவனின் உள்ளத்தையே சுட்டிக்காட்டினார். உடலைக் குற்றம் சாட்டவில்லை. தொடக்க நூலும் இதையே சொல்கிறது. முதற் பெற்றோர் ஆடையின்றி இருந்தும் நாணமின்றி இருந்தனர். பாவத்துக்குப் பின்னரே ஒருவர் பார்வைக்கு ஒருவர் அஞ்சினர். அப்போது இறைவன் அவர்களைக் கடிந்ததோடு நில்லாமல், தோலால் ஆடை செய்து உடுத்தியும் விட்டார். ஆகவே ஆடை இறைவனின் இரக்கம். நாணமும் அடக்கமும் நம் குடும்பங்களின் செல்வம். தம் மகள் அடக்கத்தோடு வாழ வேண்டும் என்று விரும்பும் அந்தத் தாய் தவறேதும் செய்யவில்லை.

ஆனால் அம்மையே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம், பொறுத்தருளுங்கள். உங்கள் இல்லத்தில் கைப்பேசி இருக்கும். அதன் திரையில் நாள்தோறும் எத்தனை உடல்கள் வந்து போகின்றன! சோப்பை விற்க ஒன்று, நகையை விற்க ஒன்று, பாட்டுக்கு ஆட ஒன்று. அவர்கள் யார், உண்டார்களா, உறங்கினார்களா என்று நாம் கேட்பதில்லை. கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறோம். அதை எவரும் பெட்டியின் அடியில் ஒளித்து வைப்பதில்லை. உங்கள் மகளோ ஒரே முதுகை மூன்று மணி நேரம் பார்த்திருக்கிறாள். தண்டுவடத்தின் வளைவையும் தோள்பட்டையின் சோர்வையும் கவனித்திருக்கிறாள். எந்தப் பார்வை நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமைதியாக எண்ணிப் பாருங்கள்.

அந்த வகுப்பில் பெண்ணொருத்தி அமர்ந்திருப்பதும் எளிதில் வாய்த்ததன்று. இலண்டனில் 1768-இல் அரச கலைக்கழகம் தோன்றியபோது அதை நிறுவியவர்களுள் ஏஞ்சலிகா காவ்மன், மேரி மோசர் என்னும் இரு பெண்கள் இருந்தனர். சில ஆண்டுகளில் சோபனி என்னும் ஓவியர் அதன் உறுப்பினர்களை ஒரே ஓவியத்தில் தீட்டினார். ஆண்கள் மாதிரி மனிதரைச் சூழ்ந்து நிற்கின்றனர். அந்த அறைக்குள் பெண்கள் நுழையலாகாது என்பதால் அவ்விருவரும் சுவரில் தொங்கும் படங்களாகவே காட்டப்பட்டனர்! அக்கழகத்தின் மாணவியர் உயிருள்ள உருவத்தைப் பார்த்து வரைய 1893 வரை காத்திருந்தனர். அதுவும் இடையில் துணி உடுத்திய உருவத்தையே. மனித உருவம் வரையத் தெரியாதவர் திருக்குடும்பத்தையோ சிலுவைப்பாதையையோ வரைய இயலாது. ஆகையால் பெண்களுக்கு நெடுங்காலம் பூவும் பழமுமே மிஞ்சின.

இதுவரை அக்கடிதம் கேட்டவற்றுக்கு விடை கூறினோம். இனி, அக்கடிதம் கேட்காத ஒன்றைக் கேட்கிறோம். முதுகு காட்டி அமர்ந்திருந்த அந்தப் பெண் யார்?

தந்தை தம் மகளுக்காக அஞ்சினார். தாய் தம் குடும்பத்தின் பெயருக்காக அஞ்சினார். அந்தப் பெண்ணுக்காக எவரும் அஞ்சவில்லை. நம் நாட்டில் ஓவிய மாணவர் முன் மாதிரியாக அமர வருவோருள் பலர் நாட்கூலி பெறும் ஏழைகள். வேறு வேலை கிடைக்காத முதியவர், வீட்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய், இவர்களைப் போன்றோரே வருகின்றனர். தாம் செய்யும் வேலையை உற்றாரிடம் சொல்ல இயலாமல் மறைப்போரும் உண்டு. அசையாமல் ஒரே நிலையில் அமர்ந்திருத்தல் கடும் உழைப்பு. கால் மரத்துப்போகும், முதுகு வலிக்கும், ஈ மொய்த்தாலும் கை தூக்க முடியாது.

சிலுவைப்பாதையின் பத்தாம் தலத்தில் நாம் என்ன தியானிக்கிறோம்? இயேசுவின் ஆடைகளைக் களைகிறார்கள். அங்கே கொடுமை அவர் உடல் வெளிப்பட்டதில் இல்லை. அவர் விருப்பத்துக்கு மாறாக, அவரை இழிவுபடுத்தும்பொருட்டு, வலியோர் அதைச் செய்ததில் இருக்கிறது. ஆகவே கலைக்கல்லூரியைக் குறித்து கிறிஸ்தவர் எழுப்ப வேண்டிய முதற்கேள்வி இதுதான்: அந்த மேடையில் இருப்பவர் தம் மனமுவந்து இருக்கிறாரா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா? உரிய ஊதியமும் ஓய்வும் மரியாதையும் பெறுகிறாரா? வறுமையே அவர் ஆடையைக் களைந்ததென்றால் அங்கே மீண்டும் ஒரு பத்தாம் தலம் நடக்கிறது. அதை ஓவியம் என்ற பெயரால் மூடி மறைக்க இயலாது.

உழைப்பவரின் உடலை மாண்போடு காட்டுவது எப்படி என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரைக்குச் சென்றவர் யாவரும் 'உழைப்பாளர் சிலை'யைக் கண்டிருப்பர். கோவணமணிந்த நான்கு தொழிலாளர் பெரும்பாறை ஒன்றை நெம்பிப் பெயர்க்கின்றனர். 1959-இல் அங்கு நிறுவப்பட்ட அச்சிலையை வடித்தவர், சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அதற்கு மாதிரியாக நின்றோருள் அக்கல்லூரிக் காவலாளி ஒருவரும் இருந்தார் என்பர். அச்சிலையின் அடியில் குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் நாள்தோறும் எத்தனை! அந்த முறுக்கேறிய முதுகுகளைப் பார்த்து எவரும் முகம் சுளித்ததில்லை. உழைப்பின் பெருமையையே கண்டு செல்கின்றனர்.

இனி மூவருக்கும் ஒவ்வொரு சொல்.

மகளே, வரைந்தது பாவம் அன்று. அதை அறிக்கையிட வேண்டியதுமில்லை. ஆனால் உன் உள்ளத்தை நீயே சோதித்துக்கொள். வகுப்பில் எவரேனும் மாதிரியாக இருப்பவரைக் குறித்து இழிவாகப் பேசினால் நீ அதில் சேராதே. முடிந்தால் கண்டித்துச் சொல். உன் மனச்சான்று உறுத்தும் நாளில் கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வர உனக்கு உரிமை உண்டு. தயங்காமல் ஆசிரியரிடம் சொல், நல்ல ஆன்ம குருவிடம் பேசு. அந்தப் பெண்ணின் பெயர் உனக்குத் தெரியுமா? தெரியாவிடில் கேட்டுத் தெரிந்துகொள். வகுப்பு முடிந்ததும் ஒரு குவளைத் தேநீர் கொண்டுபோய்க் கொடு. நீ வரைந்ததை அவர் பார்க்க விரும்பினால் காட்டு. இன்னொன்று: பெற்றோர் அறியாமல் பெட்டியின் அடியில் ஒளித்தாயே, அதுதான் அவர்களை அச்சுறுத்தியது. முதல் நாளே தாயிடம் சொல்லியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

அம்மையே, நற்கருணைப் பந்திக்கு மகள் செல்வதைத் தடுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டா. அது அவளுக்கும் ஆண்டவருக்கும் குருவுக்கும் உரியது. நீங்கள் அவளை ஈன்றெடுத்தவர், குளிப்பாட்டி வளர்த்தவர், முதிர்ந்த மாமியாரின் உடலைத் துடைத்து ஆடை மாற்றிவிட்டதும் உங்கள் கைகளாகத்தான் இருக்கும். மனித உடலை அன்போடு பார்க்க இந்த வீட்டில் முதலில் கற்றவர் நீங்களே. உங்கள் மகளுக்கு அதைச் சொல்லுங்கள். இந்த ஞாயிறு அவள் கையைப் பிடித்துப் பீடத்தருகே அழைத்துச் செல்லுங்கள்.

ஐயா, கல்லூரியை விட்டு நிறுத்த வேண்டா. அதற்கு மாறாக ஒரு நாள் அங்கே செல்லுங்கள். ஆசிரியர்களைச் சந்தியுங்கள். மாதிரியாக அமர்வோரை எவ்வாறு நடத்துகின்றனர் என்று கேளுங்கள். தலைமையாசிரியராகிய உங்களுக்கு ஒரு பள்ளியின் ஒழுங்கை அரை மணியில் அறியத் தெரியும். ஊரார் பேச்சைக் குறித்து உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் அந்த வரிதான் அழுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. ஊரார் இரண்டு ஞாயிறு பேசுவர். மகளோடு நீங்கள் பேசாத நாட்களை யார் திருப்பித் தருவார்?

இன்னும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் பாடுபட்ட சுரூபம் இருக்கும். இன்று மாலைச் செபம் முடிந்ததும் அதைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். விலா எலும்புகளை எண்ணுங்கள். இழுபட்ட தோளையும், ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி தைத்த பாதங்களையும் நோக்குங்கள். யாரோ ஒரு தச்சனோ சிற்பியோ மனித உடலைப் பொறுமையோடு பார்த்துக் கற்றதால்தான் அந்தச் சுரூபம் உங்களைச் செபிக்க வைக்கிறது.

பின்னர்ச் சாய்வு நாற்காலியை விளக்கருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மகளை அழைத்து, "என்னை வரை" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் அமருங்கள். கால் மரத்துப்போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த உங்கள் கையையும், நடந்து தேய்ந்த பாதத்தையும் அவள் எவ்வாறு பார்க்கிறாள் என்பதை அப்போது அறிவீர்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து உங்கள் துணைவியார் என்ன சொன்னார் என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் நமக்கு எழுதுங்கள். இறையாசீர் உங்கள் இல்லத்தில் நிலைப்பதாக.